வெறும் கறுப்பு

முத்துவேல் மாலை போட்டிருந்த சமயத்தில்தான் அந்த உடுப்புத் தகராறு வந்தது. வேறு மாதமாக இருந்திருந்தால் முனியாயி அண்ணனோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டிருப்பாள். கார்த்திகையில் அதற்கு வழியில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவரை அண்ணா என்று கூப்பிடக்கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாமி சாமி என்று சொல்லிக்கொண்டு ஒருவரை எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்.

அவருக்கும் அதே கஷ்டம் இருந்தது. விரதத்தில் கோபம் ஆகாது. கொச்சியில் கலூர்ப் பக்கம் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களை மேய்க்கிற மனிதர் அவர்; வருடத்தில் மற்ற நாளெல்லாம் உரக்கத்தான் பேசுவார். கார்த்திகை பிறந்தால் குரல் இறங்கிவிடும். திட்டுவது மட்டும் நிற்காது. பால் கறக்கிற சத்தத்தில் திட்டுவார், ஒவ்வொரு வசவுக்கும் பின்னால் ஒரு சரணம் சேர்ப்பார். பல வருடம் மலைக்குப் போய்வந்த குருசாமி. அவர் கையால் மாலை போட்டுக்கொள்ள ஒரு கூட்டமே இருந்தது.

முனியாயியின் மகன் அனீஷுக்குக் கல்யாணம். அனீஷ், ஜெயலக்ஷ்மி சேச்சி நடத்துகிற ஹோம்ஸ்டேயில் சமையல்காரன். அங்கே தங்க வந்த பெண் தினமும் காலையில் அப்பம் கேட்டாள். அவள் ஊரிலும் ஏதோ கறுத்த மாவில் இப்படி ஒன்று சுடுவார்களாம், ஆனால் ஓரம் இவ்வளவு மொறுமொறுப்பாக வராதாம். ஓரத்தை எப்படிக் கொண்டுவருவது என்று அடுப்படிக்கே வந்து கேட்டாள். விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது. பெயர் நோல்வென். அவர்கள் குடியிருந்த மட்டாஞ்சேரிச் சந்தில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை, நோலு ஆக்கிக்கொண்டார்கள்.

எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் முனியாயி முதலில் பிரான்சு என்று சொல்லிவந்தாள். நோலு அதைத் திருத்தினாள். பிரான்சுக்குள்தான், ஆனால் மேற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற பிரெத்தாஞ். அங்கே பழைய ஆட்கள் பேசியது பிரெஞ்சே கிடையாது. அது வேறு பாஷை, வேறு பாட்டு, வேறு உடுப்பு. மற்றவர்கள் முழித்தார்கள். முனியாயியின் புருஷன் ஆறுச்சாமி மட்டும் உடனே புரிந்துகொண்டார்.

“நம்மளப் போலத்தான். இருக்கிறது கேரளத்தில, ஆனா மலையாளி அல்ல.”

நோலுவுக்கு அவரை அன்றிலிருந்து ரொம்பப் பிடித்துப்போனது.

பெண்ணின் அம்மா கத்தெல், கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்னால் வந்து சேர்ந்தார். அப்பா வரவில்லை. அவரும் கத்தெலும் எப்போதோ பிரிந்துவிட்டார்கள். அதைச் சந்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவருக்குக் கப்பலில் வேலை என்று முனியாயி சொல்லிவைத்தாள். கத்தெல் தன் ஊரில் மத்தி மீனைத் தகர டப்பாவில் அடைக்கிற கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதைக் கேட்டதும் ஆறுச்சாமிக்குச் சம்பந்தி வீட்டின் மேல் இருந்த பயமெல்லாம் போய்விட்டது. பிரான்சிலும் மத்திதான் என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார்.

கல்யாணத்துக்குச் சம்பந்தியம்மா என்ன உடுத்துவார் என்று முனியாயி கேட்க, மகள் ரஜிதா நோலுவிடமிருந்து ஒரு படம் வாங்கி செல்போனில் காட்டினாள். அந்த நேரத்தில்தான் முத்துவேல் வீட்டுக்குள் வந்தார்.

படத்தில் கத்தெல் இருந்தார். கறுப்பு வெல்வெட்டில் கைவைத்த சட்டை. நெஞ்சும் கையும் நிறைய மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பட்டு நூல் வேலை. கீழே கணுக்கால் வரை கறுப்புப் பாவாடை, முன்னால் ஒரு பூவேலை ஏப்ரன். தலையில் வெள்ளை லேஸில் ஒரு குழாய், முக்கால் முழத்துக்குச் செங்குத்தாக நின்றது.

முத்துவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“வக்கீலோ?”

“நோலுவோட அம்மா, சாமி” என்றாள் முனியாயி.

“தலையில எந்தா, புட்டு அவிக்கிற குற்றியா?”

ரஜிதா தனக்குத் தெரிந்த வரைக்கும் எடுத்துச் சொன்னாள். அவர்கள் ஊரில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தலையணி. தலையைப் பார்த்தே எந்தக் கோவில் ஆள் என்று சொல்லிவிடலாம். கத்தெலின் வட்டாரத்துக்குத்தான் எல்லாவற்றிலும் உயரம். முன்பு வயலுக்கும் சந்தைக்கும்கூட இதைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். இப்போது கல்யாணத்துக்கும் திருவிழாவில் ஆடுவதற்கும் மட்டும்.

முத்துவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப மெல்லிய குரலில் சொன்னார்.

“தாலி ஏறுற எடத்தில கறுப்பு நிக்கக்கூடாது, மாளிகப்புறம். நின்னா நான் பட்டம் கட்டமாட்டேன். சாமி சரணம்.”

விரதத்தில் அவருக்குப் பெண்கள் எல்லோரும் மாளிகப்புறம்தான், கூடப்பிறந்த தங்கையும்கூட.

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தோளில் கறுப்புத் துண்டு. ரஜிதா வாயைத் திறந்தாள். முனியாயி காலி டம்ளரை அவள் கையில் திணித்து உள்ளே அனுப்பினாள். ஆறுச்சாமி கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். கடைசியில் அவரால் முடியவில்லை.

“சாமியும் கறுப்புத்தானே உடுத்தியிருக்கு.”

“இது சாமிக் கறுப்பு. அது வெறும் கறுப்பு.”

வாதம் அதோடு முடிந்தது. முனியாயி விடவில்லை. படத்தில் நெஞ்சுப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அந்த நூல் வேலையை அவர்கள் மயிற்பீலி என்றுதான் சொல்வார்களாம். நோலுவே சொன்னாள். மயில் என்றால் முருகனுக்கு உள்ளதல்லவா, நமக்குப் பழனியல்லவா சொந்த ஊர் என்றாள்.

முத்துவேல் மறுபடியும் பார்த்தார்.

“ஆரஞ்சு நிறத்தில மயிலு எங்கயாச்சும் கண்டிருக்கியா? இது தீனம் பிடிச்ச மயிலு.”

முனியாயியே போய்ச் சம்பந்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் முடிவு சொன்னார். நல்லதாக ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்து உடுத்தச் சொல்ல வேண்டும். உடுத்தினால் அவர் விடியும் முன்பே மண்டபத்தில் இருப்பார். இல்லையென்றால் அவருக்குக் கலூரில் பஜனை இருந்தது.

மாப்பிள்ளை நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் அவர்கள் வழக்கத்தில் தாலியைத் தட்டிலிருந்து எடுக்கமாட்டார்கள். வேறு யாரையாவது மாமன் முறைக்கு நிறுத்தி ஒப்பேற்றலாம் என்று ஆறுச்சாமி சொல்லிப் பார்த்தார். முனியாயிக்கு அது ஒப்பவில்லை. அப்பனும் ஆத்தாளும் போனபோது அவளுக்குப் பாவாடை இடுப்பில் நிற்காத வயசு. எர்ணாகுளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்க வந்த அண்ணன், அவளையும் ஒரு மூட்டையாகத்தான் கொண்டுவந்தார். வளர்த்து, ஆறுச்சாமிக்குக் கட்டிக்கொடுத்து, தீபாவளிக்குத் தீபாவளி சீர் கொண்டுவந்தார். அந்தக் கையைத்தான் மகன் நெற்றியில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அவர் கோபித்துக்கொண்டு போனால் முனியாயிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை.

மறுநாள் அரக்குச் சிவப்பில் ஒரு புடவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ரஜிதாவையும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு, ஹோம்ஸ்டேக்குப் போனாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். உங்க உடுப்பு ரொம்ப நல்லா இருக்கு, ஆனா.

கதவு திறந்திருந்தது. கத்தெல் கட்டிலுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று எதையோ திட்டிக்கொண்டிருந்தார். என்ன பாஷை என்று தெரியாவிட்டாலும் திட்டு என்பது தெரிந்தது. கட்டிலில் அந்தத் தலையணி கிடந்தது. முந்தின நாள் அப்பம்போலத் துவண்டு கிடந்தது.

ஊரில் கஞ்சி போட்டு, விறைப்பாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாராம். விமானத்தில் இருக்கும் வரை நின்றது. கொச்சியில் பெட்டியைத் திறந்ததும் ஒரு ராத்திரியில் விழுந்துவிட்டது. துலாவர்ஷ மழை இன்னும் விட்டபாடில்லை. மட்டாஞ்சேரியில் உப்பே ஜாடிக்குள் தண்ணீராகிக்கொண்டிருந்தது. லேஸ் எந்த மூலைக்கு.

முனியாயிக்கு வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கை அதற்கு முன்பே போய்விட்டது. சந்து முனையில் இஸ்திரி வண்டி போட்டு, சுற்றியுள்ள ஹோம்ஸ்டேகளின் விரிப்பையும் தலையணை உறையையும் தேய்த்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். கஞ்சி விட்டுப்போன துணி கண்ணில் பட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. லேஸை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இதுக்கு என்ன கஞ்சின்னு கேளு.”

“அம்மே, நீ புடவை கொடுக்கான் வந்ததல்லே” என்றாள் ரஜிதா.

“கேளுடி.”

ரஜிதா கேட்டாள். கத்தெல் சொன்னார். ரஜிதா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

“அரிசிக் கஞ்சி.”

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ரஜிதா தேவைப்படவில்லை. அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

லேஸைப் பிரித்து, பழைய கஞ்சி போகும்வரை கத்தெல் வாஷ்பேசினில் அலசினார். முனியாயி அவரை வண்டிக்குக் கூட்டிப்போனாள். மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி காய்ச்சினாள். வீட்டில் சோற்றுக்கு மட்டை அரிசிதான். அது ஆகாது, செம்மை ஏறிவிடும். பக்கத்துக் கடையில் பச்சரிசி மாவு வாங்கி, கட்டி விழாமல் கரைத்து, வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினாள். மெழுகுவத்தியில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டாள். கத்தெல் விரலைவிட்டுப் பார்த்தார். தண்ணீர் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சைகை காட்டினார். வேண்டாம் என்று முனியாயி சைகை காட்டினாள். கத்தெல் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

வெயில் இல்லை. பாதி ஈரத்திலேயே தேய்த்தாக வேண்டும். சிரட்டைக் கரி கனிந்ததும் சாம்பலை ஊதிவிட்டு, முனியாயி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். கத்தெல் சட்டென்று லேஸைத் திருப்பிப் போட்டார். பின்பக்கமாகத் தேய்த்தால்தான் பூ மேலே எழுந்து நிற்கும். அது சரிதான் என்று முனியாயிக்குத் தெரிந்தது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த துண்டைக் கத்தெல் தானே தேய்க்கிறேன் என்று பெட்டியை வாங்கி, அதன் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனார். லேசாக ஒரு மஞ்சள் தடம் விழுந்தது. இரண்டு பேரும் அதை ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள், தலைக்குப் பின்பக்கம் வருகிற இடம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். கஞ்சிப் பாத்திரத்துக்கு வந்த ஆட்டைக் கத்தெல் அவர் பாஷையில் விரட்டினார். மட்டாஞ்சேரி ஆடு, முனியாயி தமிழில் சொன்ன பிறகுதான் நகர்ந்தது.

சாயந்திரம் அதைச் சுருட்டி நிறுத்தினார்கள். வண்டிப் பலகையில் வெள்ளையாகத் தனியே நின்றது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மிளகு கிட்டங்கியிலிருந்து வந்த ஒருவர், மாதா கோவில் அலங்காரம் என்று நினைத்து, இது எந்தப் பள்ளிக்கு என்று கேட்டார். முனியாயிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கத்தெலை அனுப்பிவிட்டு வண்டியை மூடும்போது பார்த்தால், புடவைப் பை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆறுச்சாமி கேட்டார். சொல்லவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் பந்தல்காரனும் பூக்காரியும் தேங்காய் மூட்டையுமாகப் போனது. அன்று ராத்திரி ஆறுச்சாமி மறுபடியும் கேட்டார்.

“நாளைக்கு” என்றாள்.

“நாளைக்குக் கல்யாணம்” என்றார் அவர்.

அந்தச் சமயம் பார்த்து முத்துவேல் போனில் கூப்பிட்டார். புடவை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். கொண்டுபோனேன் சாமி, அரக்குச் சிவப்பு, நல்ல கரை என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் திருப்தியாகச் சரணம் சொல்லி வைத்துவிட்டார்.

முகூர்த்தம் காலையில் வெள்ளென. நோலுவை முன்பே மண்டபத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தாம்பாளத்தோடு போய்ச் சம்பந்தியை அழைத்துவர வேண்டும். மற்றவர்களை மண்டப வேலைக்கு ஏவிவிட்டு முனியாயி தனியாகவே ஆட்டோவில் போனாள். வாசலிலேயே சொல்லிவிடுவது, புடவையை அங்கேயே கட்டிவிடுவது என்று கணக்கு. பையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

கத்தெல் தயாராக நின்றார். விடியாத வெளிச்சத்தில் அந்த ஆரஞ்சு நூல் கனிந்த கரிபோல இருந்தது. தலைமுடியை மேல்நோக்கிச் சீவி, அதன் மேல் லேஸ் குழாயை ஊசி போட்டு இறுக்கி, இரண்டு நாடாவைக் காதோரம் முடிந்திருந்தார். அதற்கு மட்டும் வெகுநேரம் ஆகியிருக்கும். கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்பி, முனியாயியைப் பார்த்துச் சிரித்து, தலையை விரலால் தட்டிக் காட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது. கஞ்சி நன்றாக ஏறியிருந்தது.

முனியாயி புடவைப் பையை ஆட்டோ சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

ஆட்டோவுக்குள் கத்தெலால் ஏற முடியவில்லை. தலையை முதலில் விட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார். பின்பக்கமாக உட்கார்ந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் மத்தியை டப்பாவில் அடைத்தவருக்குத் தன்னை ஒரு ஆட்டோவில் அடைக்கத் தெரியவில்லை. டிரைவர் கூரையை வேண்டுமானால் மடக்கித் தருகிறேன் என்றான். கத்தெல் இறங்கி, நடந்தே போகலாம் என்று இரண்டு விரலை நடத்திக் காட்டினார்.

செருப்பும் போடவில்லை. கோவில் மண்டபத்துக்குள் செருப்பு கூடாது என்று ரஜிதா சொல்லியிருந்தாள். அங்கே விட்டுத் தொலைப்பானேன் என்று அவர் அறையிலேயே விட்டுவிட்டார்.

பாதி தூரம் போவதற்குள் சாரல் பிடித்தது. முனியாயிக்கு அண்ணன் மறந்துபோனார், கல்யாணம் மறந்துபோனது. ஒரு நாள் பூராவும் போட்ட கஞ்சி. தாம்பாளத்தை மூடியிருந்த காவித் துண்டை உருவித் தலையணியின் மேல் போர்த்தினாள். காற்றில் அது பறக்கப் பார்த்தது. கத்தெல் இரண்டு கையையும் தூக்கி மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே நடந்தார்கள். தாம்பாளத்தோடு முனியாயி முன்னால், தலையைப் பிடித்துக்கொண்டு கத்தெல் பின்னால்.

சுக்கு வாசம் வருகிற கிட்டங்கித் தெருவில் திரும்பியதும், டீக்கடைக்காரர் பாய்லர் முன்னாலிருந்து எழுந்து கைகூப்பினார். கல்யாணத்துக்கு வாழ்த்துகிறார் என்று முனியாயி நினைத்தாள். அடுத்து, கூடைக்காரி பாண்டிச்செல்வி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாமி சரணம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முனியாயி திரும்பிப் பார்த்தாள்.

மங்கலில், சாரலில், வெறுங்காலோடு, கறுப்பு உடுத்தி, தலையில் துணி மூடிய ஒரு மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். வயசும் அறுபதைத் தாண்டியவர். கார்த்திகையில் அப்படி ஒரு ஆளை மட்டாஞ்சேரி என்னவென்று நினைக்கும் என்று முனியாயிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருமுடி தாங்கி மலைக்குப் புறப்பட்ட சாமி.

துண்டை எடுத்துவிடலாம். எடுத்தால் கஞ்சி போய்விடும். முனியாயி துண்டை எடுக்கவில்லை.

மண்டப வாசலில் முத்துவேல் தன் கூட்டத்தோடு குளித்துவிட்டு ஈரத்தோடு வந்துகொண்டிருந்தார். கண்ணாடியைத் துண்டில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு நாலடிக்கு அப்பால் நிறம் மட்டும்தான் தெரியும். கறுப்பு தெரிந்தது. தலையில் காவி தெரிந்தது. இருமுடி எதிரே வந்தால் முகத்தைப் பார்ப்பது வழக்கமில்லை, யார் என்று கேட்பதும் வழக்கமில்லை. விழ வேண்டியதுதான். சின்னவன் பெரியவன் என்று பார்க்காமல் விழ வேண்டும் என்று கூட்டத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

சாமியே என்று நீட்டி அழைத்தபடி ஈர மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பின்னால் வந்தவர்களில் இரண்டு மூன்று பேருக்கு நன்றாகவே கண் தெரிந்தது. ஆனால் குருசாமி விழுந்துவிட்டார். அவர்களும் வரிசையாக விழுந்தார்கள்.

கத்தெல் நின்றுவிட்டார். இங்கே கல்யாணத்தில் சடங்குகள் நிறைய உண்டு, எதற்கும் ஆச்சரியப்படாதே என்று மகள் சொல்லி அழைத்து வந்திருந்தாள். இது பெண் வீட்டாரை வரவேற்கிற சடங்கு என்று முடிவு செய்தார். பதில் மரியாதை செய்ய வேண்டும். குனிந்தால் தலையணி சாயும். அதனால் முதுகு வளையாமல் முழங்காலை மடக்கி, முத்துவேலை இரண்டு தோளிலும் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினார். அதில் துண்டு நழுவி விழுந்தது. வெள்ளைக் கோபுரம் வெளியே வந்தது. அவர் ஊர் வழக்கப்படி கன்னத்தில் முத்தம் கொடுக்க முகத்தை முன்னால் கொண்டுபோனார்.

முனியாயி தாம்பாளத்தை நடுவில் நீட்டினாள். முத்தம் தேங்காயில் போய் விழுந்தது.

முத்துவேல் இடுப்பிலிருந்து துண்டை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது, அதற்குக் கீழே கொஞ்சம் சிராய்த்திருந்தது.

“இது ஆராணு?”

“சம்பந்தியம்மா, சாமி.”

“புடவை?”

“கொண்டுபோனேன், சாமி. கொடுக்கல.”

“கொடுக்கலயா?”

“அது துவண்டு கிடந்துச்சு, சாமி. கஞ்சி போட்டது நான்தான்.”

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கலூருக்குப் போகிற வழி அந்தப் பக்கம்தான். முனியாயிக்குத் தாம்பாளம் கனத்தது.

“போறதுன்னா நான் தடுக்கமாட்டேன், சாமி. ஆனா எனக்கு அழுகை வந்தா வந்து நிக்க வேற வாசல் கிடையாது. அதையும் யோசிச்சிட்டுப் போங்க.”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பின்னால் கூட்டம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றது. அதில் அருண்பாண்டி என்று ஒரு ஆட்டோக்காரர், முதல் வருடம் மாலை போட்ட கன்னிச்சாமி. அவருக்குச் சந்தேகங்கள் அதிகம்.

“குருசாமி, இப்ப நம்ம விழுந்தது சரிதானே? இல்ல, குளிச்சிட்டு வரணுமா?”

எல்லோரும் குருசாமியைப் பார்த்தார்கள். உள்ளே நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கிற சத்தம் கேட்டது. தவறு என்றால் குருசாமி தவறிவிட்டார் என்று ஆகும். அவர் கையால் மாலை போட்டுக்கொண்டவர்கள் அத்தனை பேருக்கும் சட்டையில் சேறு. முத்துவேல் கத்தெலின் காலைப் பார்த்தார். சேறான வெறுங்கால். தலையைப் பார்த்தார். ஒரு இழைகூடச் சாயாமல் நின்றது. கத்தெல் அவரைப் பார்த்து, நல்ல மனசோடு, கைகூப்பினார்.

“விழுந்தாச்சு” என்றார் முத்துவேல். “விழுந்த பொறவு அது சாமி இல்லைன்னு பறயான் நமக்கென்ன அதிகாரம்? உள்ள கூட்டிட்டுப் போ, மாளிகப்புறம். சாமி மழையில நிக்குது.”

அவரே முன்னால் நடந்து வழி விலக்கினார்.

அனீஷின் நெற்றியில் பட்டம் கட்டினார். நோலு கூரைப்புடவையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கத்தெல் கறுப்பில் நின்று, ஐயர் சொன்ன இடத்தில் தண்ணீர் வார்த்தார். தாலி ஏறியபோது முனியாயி எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கண் மறைத்தது. கறுப்பு எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் முத்துவேலே பதில் சொன்னார். அது வெறும் கறுப்பு இல்லை என்றார். மயில் வேலையை விரல் படாமல் சுட்டிக் காட்டினார். அவர்கள் நாட்டில் மயில் அந்த நிறம்தான் என்றார்.

சாமி ஆனதில் கத்தெலுக்குத்தான் சங்கடம். மண்டபத்தில் இலைச் சாப்பாடு முடிந்த பிறகு கொடுப்பதற்காக வீட்டில் அவருக்கென்று கரிமீன் பொரித்து வைத்திருந்தார்கள். முத்துவேல் அதைத் தெரிந்துகொண்டார். மாலைச் சாமிகளின் வரிசையில் அவருக்கும் ஒரு இலை போட்டு, வெங்காயம் பூண்டு இல்லாத கூட்டாகப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். வீட்டுக்குப் போனாலும் சாமிக்கு மீன் காட்டக்கூடாது என்று ஆறுச்சாமியிடம் கட்டளை போட்டார். கத்தெல் இலையைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, மீன் எப்போது வரும் என்று ரஜிதாவிடம் கேட்டார். ரஜிதா அதை மொழிபெயர்க்கவில்லை.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது முத்துவேல் தங்கையைக் கைகழுவுகிற இடத்துக்குக் கூப்பிட்டார்.

“முனியாயி.”

மாளிகப்புறம் இல்லை. அவளுக்குத் திக்கென்றது.

“சொல்லுங்க, சாமி.”

“இப்ப அண்ணான்னு விளிச்சாப் போதும். ஆரும் கேக்கல.” அவர் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடியும் கழுவினார். “நான் ஆளு தெரியாம விழுந்ததுன்னு பந்தியில ஆரோ பறஞ்சு சிரிக்குது.”

முனியாயி அவர் நெற்றிச் சிராய்ப்பைப் பார்த்தாள். யாரோ அதில் திருநீறு அப்பிவிட்டிருந்தார்கள்.

“உங்களுக்குத் தெரியாம இருக்குமாண்ணா?”

“அதுதான். ஆளைக் கண்டேன். சம்பந்தின்னு தெரிஞ்சுதான் விழுந்தேன். நம்ம பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

“வேணும்ணா.”

“நீ ஒரு வாக்கு பறஞ்சிரு, எல்லாருகிட்டயும்.”

சொல்கிறேன் என்றாள். பாயச வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குள் போனாள். ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி ஊற்றி, ஒவ்வொரு ஆளிடமும் குனிந்து, அண்ணன் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தார் என்று சொன்னாள். முதல் வரிசையில் ஒருவரும் நம்பவில்லை. இரண்டாவது வரிசையில் பாயசத்துக்காகத் தலையாட்டினார்கள். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது, அவர் தூரத்திலிருந்தே சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சிரித்ததையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது கண்ணில் பார்த்தது போல இருந்தது.